சார்ஜரைக் கழற்றினால் லேப்டாப் ஏன் தவழ்கிறது?

கரண்ட் போன உடனே வீட்டுக்குள் கேட்கும் முதல் குரல் என்ன? "மிக்சியைப் போட்டுடாதே, இன்வெர்ட்டர்ல ஓடுது." ஃபேன் ஓடலாம், நாலு லைட் எரியலாம், கெஞ்சிக் கேட்டால் டிவி கூடப் போடலாம், ஆனால் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மோட்டார் பக்கம் யாரும் போகக் கூடாது. மீறினால் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு மொத்த வீட்டையும் இருட்டாக்கிவிடும். சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப்புக்குள் நடப்பதும் அச்சு அசலாக இதுதான். ஒரே வித்தியாசம், வீட்டில் "போடாதே" என்று சொல்ல அம்மா ஒருத்தர்தான். லேப்டாப்புக்குள் அப்படிச் சொல்ல ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது.

ஆகவே பேட்டரியில் வேகம் கொஞ்சம் குறைந்தால் பதற வேண்டாம், அது அப்படித்தான். பாதிக்கும் கீழே போய்விட்டதென்றால் யார் குறைக்கிறார்கள் என்று தேடலாம்.

போன மாதம் மதுரையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, லேப்டாப் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். எக்செல்ல ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு செகண்ட் கழிச்சு வருது. சார்ஜர் போட்டா மட்டும் நல்லா இருக்கு." அவள் கடைசியாகச் சொன்னதில்தான் பாதி பதில் இருந்தது, ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் ஆன்ட்டிவைரஸைக் கழற்றிவிட்டாள், சி டிரைவைக் கழுவித் துடைத்துவிட்டாள், பக்கத்துக் கடையில் "விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்மா" என்று தேதி வேறு வாங்கி வைத்திருந்தாள். விண்டோஸ் குப்பையாகிப் போயிருந்தால் சார்ஜர் போட்டாலும் குப்பையாகத்தானே இருக்கும்? நான் கேட்டது ஒன்றே ஒன்று. டாஸ்க் மேனேஜரில் அந்த எண் எவ்வளவு?

அந்த எண்ணை நீங்களும் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கம், அதற்குள் 'சிபியு', லேப்டாப்பின் மூளையான ப்ராசஸருக்கு இன்னொரு பெயர். படத்துக்குக் கீழே 'ஸ்பீட்' என்று கிகாஹெர்ட்ஸில் ஒரு எண் ஆடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி 'பேஸ் ஸ்பீட்' என்று ஆடாத எண் ஒன்று இருக்கும். ஆடாதது கம்பெனி சொல்லும் அடிப்படை வேகம். ஆடுவது இந்த நொடியில் ப்ராசஸர் உண்மையில் ஓடும் வேகம்.

சும்மா இருக்கும்போது இதைப் பார்த்துப் பயன் இல்லை. வேலை இல்லாத ப்ராசஸர் எப்போதும் தூங்கி வழியும், அது நல்லதுதான். அதனால் அதற்கு ஏதாவது வேலை கொடுங்கள். ஒரு பெரிய ஃபோல்டரை ஜிப் ஆக்கச் சொல்லலாம், அல்லது பத்துப் பதினைந்து டேப் திறந்து ஒன்றில் வீடியோ ஓட விடலாம். முதலில் சார்ஜரோடு ஒரு நிமிடம் ஓட விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே வேலையை இன்னொரு நிமிடம் ஓட விட்டுக் குறியுங்கள். ஒரு நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலான ப்ராசஸர்கள் முதல் சில விநாடிகள் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு, பிறகுதான் நிதானத்துக்கு வரும். அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர் டர்போ.

தங்கையின் லேப்டாப்பில் பேஸ் ஸ்பீட் 2.40. சார்ஜரோடு 3.5 சுமாரில் நின்றது. சார்ஜர் இல்லாமல் 0.9. நாலில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இரண்டு எழுத்துக்கு நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம் என்று அவள் சொன்னது மிகையே இல்லை.

இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு பாதி வழி போய்விடலாம். இரண்டு நிலையிலும் எண் நன்றாகவே இருந்து, ஆனாலும் பேட்டரியில் மட்டும் மெஷின் மந்தமாக இருந்தால் ப்ராசஸரைக் குறை சொல்ல முடியாது, வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டு நிலையிலும் மந்தம் என்றால் அது பேட்டரி சமாச்சாரமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க், பற்றாத ரேம், தூசி அடைத்த ஃபேன், இதில் ஏதாவது ஒன்று. சார்ஜரில் நல்ல எண், பேட்டரியில் அதில் பாதிக்கும் கீழே என்றால் யாரோ சிக்கனம் பிடிக்கிறார்கள், கண்டுபிடிக்கலாம். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.39 அல்லது 0.79 என்று ஆணி அடித்த மாதிரி நின்றால், அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

சரி, ஏன் குறைக்க வேண்டும்? பேட்டரி என்பதும் மின்சாரம்தானே?

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மைலேஜ், 90இல் முறுக்கினால் பெட்ரோல் எங்கே போனது என்றே தெரியாது. ப்ராசஸரில் இது இன்னும் மோசம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும், மின்செலவோ வோல்டேஜின் இருமடி அளவில் ஏறும். உதாரணத்துக்கு 1.5 கிகாஹெர்ட்ஸில் 0.8 வோல்ட், 3 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 2 மடங்கு. வோல்டேஜ் ஒன்றரை மடங்கு, அதன் இருமடி 2.25. இரண்டையும் பெருக்கினால் 4.5 வருகிறது. இரண்டு மடங்கு வேகத்துக்கு நாலரை மடங்கு செலவு! அந்தக் கடைசி ஒரு கிகாஹெர்ட்ஸ்தான் பேட்டரியைத் தின்கிறது, எனவே சார்ஜரைக் கழற்றியதும் முதலில் வெட்டு விழுவதும் அதன் மேல்தான். 42 வாட் ஹவர் பேட்டரி ஒன்று 7 வாட்டில் ஓடினால் 6 மணி நேரம் வரும். அதே பேட்டரி 40 வாட்டில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். டப்பாவின் மேல் "10 மணி நேரம்" என்று அச்சடிக்க வேண்டிய கம்பெனிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இது விருப்பப்பட்டுச் செய்யும் சிக்கனம். இன்னொன்று வேறு வழியில்லாமல் செய்வது. பேட்டரியிடம் எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைத்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது வேறு கேள்வி. பழைய இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜ் கிளம்பும் நொடியில் லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரி காலி ஆகிவிடவில்லை, ஆனால் திடீரென்று கேட்டால் அதனால் கொடுக்க முடியவில்லை. பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு, வயதாக ஆக அது கூடும். லேப்டாப்பில் மூன்று லித்தியம் செல்கள் வரிசையாக இருப்பதாக வையுங்கள், சார்ஜ் கொஞ்சம் குறைந்த நிலையில் மொத்தம் 10.2 வோல்ட். ப்ராசஸர் திடீரென்று 4 ஆம்பியர் இழுக்கிறது. புது பேட்டரியில் உள்தடை 0.1 ஓம் என்றால் 0.4 வோல்ட் குறையும், ஒன்றும் தெரியாது. வயதான பேட்டரியில் 0.4 ஓம் ஆகியிருந்தால் 1.6 வோல்ட் குறைந்து 8.6க்கு வந்துவிடும். ஒரு செல்லுக்கு 3 வோல்ட், அதாவது மொத்தம் 9க்குக் கீழே போனால் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் "போதும்" என்று கதவைச் சாத்திவிடக்கூடும். 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே சில லேப்டாப்கள் பொசுக்கென்று அணைந்துபோவது இதனால்தான். அதற்குப் பயந்துகொண்டு சில மெஷின்கள் முன்கூட்டியே வேகத்தை வெட்டிவிடும்.

ஆப்பிள் ஐபோன் விஷயத்தில் உலகம் முழுக்கச் சண்டை நடந்ததும் இதே காரணத்துக்காகத்தான். 2017 ஜனவரியில் வந்த ஒரு அப்டேட், வயதான பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை ஓசையில்லாமல் குறைத்தது, திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க. அந்த ஆண்டு டிசம்பரில்தான் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்குச் செய்துகொடுத்தது. என்னைக் கேட்டால் செய்தது தப்பில்லை, சொல்லாமல் செய்ததுதான் தப்பு. லேப்டாப்காரர்கள் பலர் இன்றைக்கும் சொல்லாமல்தான் செய்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. பேட்டரியைக் கையால் கழற்றக்கூடிய பழைய மேக்புக்குகளில், பேட்டரியை எடுத்துவிட்டு வெறும் சார்ஜரில் ஓட்டினால் ப்ராசஸர் வேகம் தானாகக் குறைந்துவிடும். உச்ச நேரத்தில் சார்ஜரால் மட்டும் சமாளிக்க முடியாது, பேட்டரியும் கை கொடுக்க வேண்டும் என்று அந்த மெஷினை வடிவமைத்திருந்தார்கள். செத்த பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு "இனி டெஸ்க்டாப் மாதிரி வச்சுக்கலாம்" என்று நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கேமிங் லேப்டாப் வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு வரியில் பதில்: பேட்டரியில் கேம் சரியாக ஓடாது, ஓட வைக்கவும் முடியாது. விமானத்தில் தனி அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு 100 வாட் ஹவர் என்று வரம்பு இருப்பதால் பெரிய லேப்டாப்களில் கூட 99 வாட் ஹவரோடு நிறுத்திவிடுகிறார்கள். கூடவே வரும் சார்ஜரோ 230 வாட் இருக்கும், செங்கல் கனத்தில். அந்த 230 வாட்டையும் பேட்டரியிலிருந்து எடுத்தால் 26 நிமிடத்தில் முடிந்துபோகும். அவ்வளவு எடுக்கவும் விடமாட்டார்கள். என்விடியா கிராஃபிக்ஸ் இருந்தால் 'பேட்டரி பூஸ்ட்' என்று ஒன்று, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது பேட்டரியில் ஓடும் கேமைப் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம் என்ற அளவில் கட்டிப்போடும். அதை வேண்டுமானால் அணைத்துப் பார்க்கலாம், அற்புதம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரில் 2020 நவம்பரில் வந்த, ஆப்பிளின் சொந்த எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர். சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம். மாயம் ஒன்றும் இல்லை, அந்த மெஷினோடு வந்த சார்ஜரே வெறும் 30 வாட்தான், பேட்டரி கிட்டத்தட்ட 50 வாட் ஹவர். முழு வேகத்திலும் அது கேட்பதே குறைவு என்பதால் பேட்டரி சிரமப்படாமல் கொடுத்துவிடுகிறது. அதே மாதத்தில் ப்ராசஸர் செய்யும் இன்டெல் கம்பெனி, இன்னொரு ப்ராசஸர் கம்பெனியான ஏஎம்டியின் சிப் உள்ள லேப்டாப்கள் பேட்டரிக்கு வந்ததும் டர்போவுக்குப் போகச் சில விநாடி தாமதிக்கின்றன என்று விளக்கக் கூட்டம் போட்டுக் காட்டியது. போட்டிக் கம்பெனி சொன்னது என்பதை மறக்க வேண்டாம், இருந்தாலும் பேட்டரியில் வேகம் என்பது கம்பெனிகளே மோதிக்கொள்ளும் அளவுக்கு ஒரு விஷயம் என்பதற்கு இது போதும்.

இப்போது அந்த ஐந்தாறு பேரிடம் வருவோம். முதல் ஆள் விண்டோஸ். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், 'பவர் அண்ட் பேட்டரி' என்று போனால் 'பவர் மோட்' இருக்கும். பேட்டரியில் அது 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி'யில் நின்றால் நடுவில் உள்ள 'பேலன்ஸ்டு'க்கு மாற்றுங்கள், போதும். எல்லாரும் நேராக 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'க்குத் தாவுகிறார்கள்; எக்செல்லுக்கும் பிரவுசருக்கும் அது தேவையே இல்லை, சூடும் ஃபேன் சத்தமும்தான் மிச்சம். விண்டோஸ் 10 என்றால் கீழே பேட்டரி படத்தைத் தொட்டால் ஒரு ஸ்லைடர் வரும், அதை இடது ஓரத்திலிருந்து நகர்த்தினால் அதே வேலை. அதே பக்கத்தில்தான் பேட்டரி சேவர், புதிய பதிப்புகளில் எனர்ஜி சேவர், இருக்கிறது. சார்ஜ் ஒரு அளவுக்குக் கீழே போனதும் அது தானாக விழித்துக்கொள்ளும். "20 சதவீதத்துக்கு வந்தாலே மெஷின் இழுக்குது" என்பவர்களுக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

இரண்டாவது, பழைய கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ஒளிந்திருக்கும் 'மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்'. 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்று வெங்காயம் உரிப்பது போல் உரித்துக்கொண்டு போக வேண்டும். பேட்டரியில் இருக்கும்போது 100 என்று இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று இருந்தால் ஆள் அகப்பட்டார். எப்போதோ "பேட்டரி நீடிக்க ஐந்து டிப்ஸ்" வீடியோவைப் பார்த்து நீங்களே வைத்ததாகக் கூட இருக்கும். 99 என்று வைத்தாலே பெரும்பாலான மெஷின்களில் டர்போ முழுசாக நின்றுவிடும், ஒரு சதவீதம்தானே என்று விட்டுவிட வேண்டாம். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த வரியே தெரியாது, அப்படியென்றால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை, அடுத்த ஆளுக்குப் போங்கள்.

மூன்றாவது ஆள்தான் அதிகம் மாட்டுகிறவர், ஆனால் கடைசியில்தான் சந்தேகம் வரும்: லேப்டாப் கம்பெனி தன் பங்குக்குப் போட்டு அனுப்பும் மென்பொருள். லெனோவோவில் வான்டேஜ், அசூஸில் மைஅசூஸ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். அதற்குள் அமைதி, சமநிலை, வேகம் என்று இரண்டு மூன்று நிலைகள். விண்டோஸில் நீங்கள் எதை வைத்தாலும் இது மேலே உட்கார்ந்துகொண்டு "அதெல்லாம் சரி, இத்தனை வாட்டுக்கு மேல் கிடையாது" என்று சொல்லிவிடும். இதில் உள்ள ஆபத்து, கீபோர்டிலேயே இதற்குக் குறுக்குவழி இருப்பது. லெனோவோ பலவற்றில் எஃப்என் கீயோடு க்யூ, அசூஸ் பலவற்றில் எஃப்என் கீயோடு எஃப். திரையில் ஒரு சின்னப் படம் ஒரு விநாடி வந்து மறையும், கவனித்தால் உண்டு.

தங்கை வீட்டில் கவனிக்கவில்லை. வீடியோ காலில் கீழ் வலது மூலையை எனக்குக் காட்டச் சொல்லி, அந்த மென்பொருளைத் திறக்கச் சொன்னால், 'அமைதி' நிலையில் நின்றுகொண்டிருந்தது. சார்ஜரில் இருக்கும்போது அதே நிலை அவ்வளவு கெடுபிடி செய்யாததால் யாருக்கும் தெரியவில்லை. யார் மாற்றியது? அவளுடைய நாலு வயது மகன் கீபோர்டை மேளமாக அடிக்கிறவன் என்பதைத் தவிர என்னிடம் சாட்சி இல்லை. நடுநிலைக்கு மாற்றியதும் பேட்டரியில் 0.9 என்று இருந்தது 2.6க்குப் போனது. மூன்று வாரத் தொல்லை, பத்து விநாடி வேலை. "விண்டோஸ் போடக் குடுத்திருந்தா?" என்றாள். போட்டாலும் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது, சில மாடல்களில் அந்த நிலை விண்டோஸுக்குள் இல்லை, போர்டில் உள்ள சின்னச் சிப்பின் நினைவில் இருக்கும்.

நான்காவது பிரவுசர். நீங்கள் "லேப்டாப் ஸ்லோ" என்று சொல்வது உண்மையில் பிரவுசர் ஸ்லோவாக இருக்கலாம். குரோமில் எனர்ஜி சேவர், எட்ஜில் எஃபிஷியன்சி மோட். சார்ஜரைக் கழற்றியதும் அல்லது சார்ஜ் குறைந்ததும் இவை தலையெடுத்து, பின்னால் கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும், ஸ்க்ரோல் செய்வதைக் கூட மந்தமாக்கும். மற்ற எல்லாம் சுறுசுறுப்பாக இருந்து பிரவுசர் மட்டும் நொண்டினால் அதன் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள்.

எண் நன்றாக இருந்தும் மெஷின் மந்தமாகத் தெரிகிறது என்றவர்களை முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். உங்களுக்கு மூன்று இடங்கள். ஒன்று திரை: 120, 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு அத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை, உள்ள லேப்டாப் பேட்டரிக்கு வந்ததும் 60க்கு இறங்கிவிடும்படி அமைத்திருக்கலாம், மவுஸ் அம்பு கோந்தில் ஒட்டிய மாதிரி நகரும், வேகம் குறையவில்லை ஆனால் கண்ணுக்குக் குறைந்தது போல் இருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'க்குள் பார்த்தால் தெரியும். இரண்டு வைஃபை: அந்தப் பழைய பவர் ஆப்ஷன்ஸில் 'வயர்லெஸ் அடாப்டர்' என்ற வரி இருந்தால், பேட்டரியில் அது நடுத்தரச் சிக்கனத்தில் இருப்பதுதான் வழக்கம், ரவுட்டர் பக்கத்து அறையில் இருந்தால் ஒன்றும் தெரியாது, மாடியில் இருந்தால் தெரியும். மூன்று, இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் பழைய மெஷின். பேட்டரியில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிடும், பிறகு ஒரு ஃபைலைத் திறந்தால் அது மறுபடி சுற்றிக் கிளம்பும் வரை எல்லாம் உறைந்து நிற்கும். அதற்கு நல்ல வைத்தியம், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுவது. செய்யாமல் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரும்.

இப்போது அந்த 0.39, 0.79 கதை. எல்லா ப்ராசஸரிலும் "ரொம்ப சூடாகிவிட்டது, வேகத்தைக் குறை" என்று சொல்ல ஒரு சிக்னல் உண்டு, இன்டெல்லில் அதை ப்ராக்ஹாட் என்பார்கள். பல லேப்டாப்களில் இது இருவழிப் பாதை, அதாவது ப்ராசஸர் குளிர்ச்சியாக இருந்தாலும் பவர் சர்க்யூட்டோ வேறு உறுப்போ அந்தக் கயிற்றை இழுத்து அதை நிறுத்தலாம். பேட்டரி தகராறு செய்தால் இழுக்கும். சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் இழுக்கும். பல லேப்டாப் சார்ஜர்களின் பின்னுக்கு நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறதே, அது சார்ஜரின் அடையாள அட்டை, அது வளைந்தாலோ டூப்ளிகேட் சார்ஜர் போட்டாலோ மெஷின் நம்பாது. யாரோ ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ப்ராசஸர் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில், அதாவது 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில், கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும், நீங்கள் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அசையாது.

முதலில் செலவில்லாத வழி. சார்ஜரைக் கழற்றி, மெஷினை அணைத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு சார்ஜர் போட்டுக் கிளப்புங்கள். போர்டில் உள்ள அந்தச் சின்னச் சிப் குழம்பிப்போயிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும், வேடிக்கையாகத் தோன்றினாலும் நான் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதே இல்லை. தெளியவில்லை என்றால் கம்பெனி தளத்திலிருந்து பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், சார்ஜர் மாட்டியபடிதான் செய்ய வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் வேறொருவரின் ஒரிஜினல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் இந்த இருவழிச் சிக்னலையே அணைக்கும் ஒரு கட்டம் உண்டு, டிக்கை எடுத்தால் வேகம் உடனே திரும்பிவிடும். காரணம் என்ன என்று உறுதி செய்துகொள்ள அதை அணைத்துப் பார்ப்பேன். அப்படியே விட்டுவிட மாட்டேன், ஃபயர் அலாரம் ஓயாமல் அடிக்கிறது என்று வயரைப் பிடுங்கின கதையாகிவிடும்.

கடைசியாகப் பேட்டரியையே விசாரிப்போம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு ஃபைல் எங்கே சேர்ந்தது என்று அதுவே சொல்லும், பிரவுசரில் திறந்தால் அதில் இரண்டு எண்கள் முக்கியம். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு உள்ளது. 42,000க்கு 35,000 என்று இருந்தால் 83 சதவீதம், நன்றாகத்தான் இருக்கிறது. பாதியைத் தொட்டுவிட்டது என்றால் புதுசுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஆனால் இந்த ரிப்போர்ட்டை முழுசாக நம்பிவிடவும் கூடாது, முன்னால் சொன்ன உள்தடை இதில் தெரியாது. 80 சதவீதம் காட்டும் பேட்டரிகூட இழுத்தால் மூச்சு வாங்கலாம். அதை வேறு விதமாகப் பிடிக்க வேண்டும்: சார்ஜ் 40 சதவீதம் இருக்கும்போது அந்த ஜிப் சோதனையைப் பேட்டரியில் ஓட விடுங்கள். சதவீதம் கண் முன்னாலேயே 40, 33, 25 என்று படி தாண்டி விழுந்தாலோ, மெஷின் அணைந்தாலோ, விடை கிடைத்துவிட்டது.

அப்படியே லேப்டாப்பை மேசையில் வைத்துக் குனிந்து பக்கவாட்டில் ஒரு பார்வை பாருங்கள். அடிப்பாகம் மேசையில் சரியாக உட்காராமல் ஆடுகிறதா, டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகாமல் கல் மாதிரி இருக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது வேகம், செட்டிங் எல்லாம் அப்புறம். சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள், அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், ஊசியால் காற்று எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், நேராகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.

புதுசு வாங்கும்போது பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணையும் வோல்டேஜையும் பார்த்து, அதே எண்ணாக வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியில் வாட் ஹவர் பெரிதாக அச்சடித்திருக்கும், இழுத்தால் கொடுக்காது. போட்ட அன்றைக்கே அந்த இரண்டு வேக எண்களையும் மறுபடி எடுத்து, டாஸ்க் மேனேஜரைப் போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. தங்கை அதைத் தன் லேப்டாப்பின் வால்பேப்பராகவே வைத்திருக்கிறாள், மகன் அடுத்த தடவை மேளம் அடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க.